தறியில் தொங்கிய எடை

என் மகள் பிறப்பதற்கு முந்தின ஐப்பசி மாதம். திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தறிக் கொட்டகையில் நடந்தது.

எனக்கு நீட்டி எழுத வராது. ஐந்தாவது வரை படித்தேன், அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து என் மனைவி சொல்லிக் கொடுத்தது. அவள் திருத்தணிப் பக்கம். இதில் பிழை இருந்தால் அவளைத்தான் கேட்க வேண்டும்.

எங்களுக்கு இரண்டு விசைத்தறி. கூலிக்குச் சேலை ஓட்டுகிறோம். தறியின் பின்னால் பாவு நூல் சுற்றிய பெரிய உருளை இருக்கும். அது இஷ்டத்துக்கு அவிழக் கூடாது. அதனால் உருளையில் கயிறு சுற்றி, கயிற்றின் நுனியில் ஒரு எடையைத் தொங்க விடுவோம். எடை சரியில்லை என்றால் சேலையில் பட்டை பட்டையாக விழும். முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார்.

எடைக்கு என்று தனியாக எதுவும் கடையில் வாங்க மாட்டோம். கல், உடைந்த தண்டவாளத் துண்டு, டின்னில் ஊற்றின சிமென்ட், எது கனமாகக் கிடைக்கிறதோ அது. எங்கள் ஊரில் எந்தத் தறிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பழைய சாமான் தொங்கும்.

எங்களுடையது சிமென்ட். அந்த ஐப்பசியில் கயிறு இற்றுப்போய், எடை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிடப் பெரியவர். வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, தறிக்கு எடை வேணும். சின்னதா இருக்கணும். கனமா இருக்கணும்."

"சின்னதா, கனமாவா? எங்க வூட்டுக்காரிய தான் கூட்டிக்கினு போவணும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே போய் ஒரு பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார். பிள்ளைகளின் புத்தகப் பை அளவுதான் இருந்தது. மேலே கைப்பிடி. ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் மூடி. ஒரு கையால் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு கையும் போட்ட பிறகுதான் எழுந்தது.

"இன்னாண்ணே இது, இந்தக் கனம் கனக்குது?"

"யாருக்குத் தெரியும். புத்தலப்பட்டு ரோட்டாண்ட பள்ளத்துல கெடந்துதுன்னு ஒரு லாரிக்காரன் போட்டுட்டுப் போனான். ஒடைக்கலாம்னு பாத்தேன். என் சுத்தி தான் ஒடஞ்சுது. இது அப்டியே சிரிச்சுகினு கீது."

ஒரு மஞ்சள் தகடு ஒட்டியிருந்தது. பாதி சுரண்டிப் போயிருந்தது. மூன்று இறக்கை மாதிரி ஒரு படம் மட்டும் தெரிந்தது.

"ஃபேன் படம் போட்டுக்கீது. மோட்டார் கம்பெனி சாமானா இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கைப்பிடியில் கயிற்றைக் கட்டித் தொங்க விட்டேன். அளந்து செய்த மாதிரி இருந்தது. சேலை கண்ணாடி போல விழுந்தது. என் மனைவி துணியைத் தடவிப் பார்த்து, "நீ கொண்டாந்த சாமான்ல இது ஒண்ணு தான் உருப்படி" என்றாள்.

அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம். அதற்கு முன் இரண்டு தடவை கரு நிற்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேச மாட்டோம்.

குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை அவளுடையது. கொட்டகையில் ஒரே ஒரு ஜன்னல். அது அந்த உருளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றுக்காக முக்காலியை அங்கே போட்டுக்கொள்வாள். கால் மரத்துப்போனால் அந்தப் பெட்டியின் மேலேயே காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். உடனே பாவு இறுகும். எனக்குத் தறியில் தெரிந்துவிடும்.

"கால எடுமே. நூலு அறுந்துடும்."

"நான் வெக்கல. உன் புள்ள தான் வெக்கச் சொல்லுது."

தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கத்தித்தான் பேச வேண்டும். அவள் வயிற்றோடு பேசுவதும் கத்தித்தான். வெளியே மழை, உள்ளே தறிச் சத்தம், நடுவில் அவள் குரல். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ மறந்துவிட்டேன். அது மறக்கவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. பெட்டியில் துருத்திக்கொண்டிருந்த பூட்டு அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு நாள் முந்தானை கிழிந்தது.

"இந்தப் பூட்ட அறுத்துப் போட்டுடுயா."

"கட்டிங் மிஷின் உன் தம்பிகிட்ட கீது."

"அவன் எங்க திருப்பிக் குடுத்தான்? எங்க அம்மா வூட்டு உரலும் அவங்கிட்ட தான் கீது."

மச்சானுக்குப் போன் போட்டு, தறியில் தொங்குகிற ஃபேன் படம் போட்ட பெட்டியைப் பற்றிச் சொல்லி மிஷினைக் கேட்டேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான். வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி நாளைக்கு. மச்சான் சத்யவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். நல்லவன்தான். எடுத்த பொருளைத் திருப்பித் தருகிற பழக்கம் மட்டும் இல்லை.

ஒரு நாள் காலையில் வந்தான். கையில் மிஷின் இல்லை. போன் இருந்தது. முகம் சரியில்லை.

"மாமா, ஒன் தறி எடை எங்க?"

காட்டினேன். குனிந்து பார்த்தான். போனைப் பார்த்தான். அப்படியே பின்னால் நடந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டு போனை மட்டும் நீட்டினான்.

அதே பெட்டி. அதே ஃபேன் படம். கீழே தெலுங்கில் எழுதியிருந்தது. குழாய் ஒட்ட வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்கிற பெட்டி. உள்ளே கதிர்வீச்சுப் பொருள் இருக்கிறது. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில் வண்டியிலிருந்து தவறிவிட்டது. யாரும் தொடாதீர்கள், திறக்காதீர்கள், தூரமாகப் போய்விட்டு இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். கடைசியில், உயிருக்கு ஆபத்து.

என் மனைவிக்குத் தெலுங்கு படிக்க வராது.

"இன்னாயா போட்டுக்கீது?"

நான் தறியை நிறுத்தினேன். "எழுந்து வெளிய வா" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். நூல் குச்சியைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

மச்சான்தான் சொன்னான். அவனுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. கேட்டுவிட்டு அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, போன் போடாத. நீ திருடுனன்னு தான் போலீசு புடிப்பான். என் வேன் கீது. சாக்குல போட்டு ஏரில தள்ளிட்டு வந்துடலாம். யாருக்கும் தெரியாது."

பொய் சொல்லவில்லை, ஒரு நிமிஷம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போய்விட்டால் போதும் என்று இருந்தது. என் மனைவிதான் பேசினாள்.

"ஏரித் தண்ணிய யாருடா குடிக்கறாங்க? என் புள்ளைக்கு வந்தது ஊரு புள்ளைங்களுக்கும் வரணுமா? மிஷின கேட்டா நாளைக்கு நாளைக்குன்னுவ, இத்தத் தூக்க மட்டும் வேன் எடுத்துக்கினு வந்துட்டியா?" என்னைப் பார்த்தாள். "நீ போன் போடுயா."

போட்டேன்.

முதலில் போலீஸ் வந்தது. தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். திருமலையில் சாமி முன்னால் தள்ளுவார்களே, அதே மாதிரி "ஜருகண்டி, ஜருகண்டி" என்று எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஒரு பெண் அழுதாள். போலீஸ்காரர்களும் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். கயிற்றுக்கு உள்ளே, வீட்டிலிருந்து தள்ளி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்; அத்தனை பேரில் ஒருத்தரும் எங்கள் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு ஜீப் வந்தது. மெலிந்த ஒரு அம்மா இறங்கினார். நாற்பதுக்கு மேல் இருக்கும். அரசாங்க அதிகாரி. தமிழ் பேசினார். சட்டையில் ஒரு சின்ன பில்லை குத்தியிருந்தார். கையில் கதிர்வீச்சு அளக்கிற ஒரு மீட்டர். கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து நுழைந்து நேராக எங்களிடம் வந்தார்.

"பெட்டியைத் திறந்தீங்களா?"

"இல்ல மேடம்."

"பூட்டு, மூடி, எதையாவது உடைச்சீங்களா? அறுத்தீங்களா?"

"பூட்ட அறுக்கணும்னு இருந்தேன். மிஷின் மச்சான்கிட்ட மாட்டிக்கிச்சு."

"எப்போ வாங்கினார்?"

"பொங்கலுக்கு."

அந்த அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சானைப் பார்த்தார். "திருப்பிக் கொடுக்காததுக்கு நான் நன்றி சொல்றேன்" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். அதற்காக மச்சானை யாராவது பாராட்டினது அன்றைக்குத்தான்.

மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். ஒவ்வொரு அடியாக நிதானமாக. டிக், டிக் என்று சத்தம். உள்ளே போகப் போக அது வேகமாயிற்று. நான் வாசலில் நின்றேன். என்னைத் தூரப் போகச் சொன்னார்கள், நான் போகவில்லை.

பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். பிறகு திரும்பி, "உங்க வீட்டம்மா எங்கே உட்காருவாங்க?" என்றார்.

முக்காலியைக் காட்டினேன்.

அந்த அம்மா போய் அதில் உட்கார்ந்தார். மீட்டரைத் தன் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பெட்டி பக்கத்திலேயே தொங்குகிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு காலுக்கு நேராகப் பிடித்தார். "எத்தனை நேரம் உட்காருவாங்க, எந்தப் பக்கம் திரும்பி, காலை எங்கே வைப்பாங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். ஊரே ஓடின இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து என் மனைவியிடம்தான் முதலில் பேசினார்.

"மூடி திறக்கலை. உள்ளே இருக்கிறது உள்ளேயேதான் இருக்கு. உங்க மேல கதிர் கொஞ்சம் பட்டிருக்கு. பயப்படற அளவு இல்லைன்னு என் மீட்டர் சொல்லுது. ஆனா நான் சொன்னா போதாது. திருப்பதியில டாக்டர் பார்க்கணும், ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் எடுக்கணும். ஏற்பாடு பண்றேன்."

நான் கேட்டேன். "அது எதுனால இந்தக் கனம் மேடம்?"

"யுரேனியம்."

அணுகுண்டு செய்கிற சாமான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன்.

மச்சான் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினான். "கடப்பா பக்கம் தோண்டறாங்களே, அதுவா மேடம்?"

"அப்படி மண்ணிலேர்ந்து எடுக்கறதுதான். கரண்டு செய்யத் தேவையானதைப் பிரிச்சு எடுத்த பிறகு மிஞ்சுறது இது. ஈயத்தைவிடக் கனம். அதனால இதைச் சுவரா வெச்சு, நடுவுல ஒரு பொருளை அடைச்சிருக்காங்க. மிளகாய் விதை அளவுதான் இருக்கும். அதுதான் ஆபத்து. யுரேனியம் இத்தனை நாள் உங்களுக்குக் காவல் இருந்திருக்கு."

"அந்த விதை வெளிய வந்திருந்தா?"

மறைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. மறைக்கவில்லை.

"கையில எடுத்தவருக்குக் கை போயிருக்கும். பக்கத்துல உட்கார்ந்தவங்க பிழைக்கிறதே கஷ்டம்."

என் மனைவி திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

சாயங்காலத்துக்குள் ஒரு கனமான டிரம் கொண்டுவந்து பெட்டியை அதில் இறக்கி எடுத்துப் போனார்கள். இரும்புக் கடைக்காரரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதாகச் சொன்னார்கள். அவர்தான் சுத்தியலால் அடித்தவர்.

தெருவில் கட்டின கயிற்றை அவிழ்த்த பிறகும் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுகிற கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினாள். முதலாளியின் ஆள் வந்து, நெய்து வைத்த சேலைகளைத் தொடாமலே போய்விட்டான். குழாயடியில் என் மனைவி போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். வயிற்றோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்த அம்மா மறுபடி வந்தார். கொட்டகை, வீடு, முற்றம் எல்லாம் அளந்தார். மீட்டர் எங்கேயும் வேகமாகவில்லை. தெருவில் ஜனம் தூரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்தார் போலிருக்கிறது. என் மனைவியிடம் கேட்டார்.

"என்ன சமையல்?"

"களியும் வேர்க்கடலைத் துவையலும் தான் மேடம்."

"எனக்குக் கொஞ்சம் போடறீங்களா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை."

என் மனைவி நம்பவில்லை. "எங்க வூட்லயா துன்னப் போறீங்க?"

"ஏன், உப்பு ஜாஸ்தியா?"

உள்ளே கூப்பிட்டோம். வேண்டாம் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தார், தெருவைப் பார்த்தபடி. என் மனைவி தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் களியைப் பிட்டுத் துவையலில் தொட்டு நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். எங்கள் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். முதலாளி வேண்டாம் என்ற சேலைகளில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதன் மேல் மீட்டரை வைத்துக் காட்டினார். சேலையைத் தோளில் போட்டுப் பார்த்து, "பார்டர் நல்லா இருக்கு" என்றார்.

பிறகு எழுந்து தெருவைப் பார்த்துச் சொன்னார். "இது அம்மை இல்லை, ஒட்டிக்கிறதுக்கு. பெட்டி போச்சு, அதோட ஆபத்தும் போச்சு. இந்த வீட்டுல இருந்து உங்களுக்கு ஒண்ணும் வராது." குரலை உயர்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்கே எல்லோரும் வந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். கொடியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். இறங்கின பஸ் ஸ்டாண்டு முழுக்க மொட்டை போட்ட குடும்பங்கள், குழந்தைகள், லட்டு வாசனை. எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரொம்ப நேரம்.

"ஒரு வார்த்த சொல்லுயா" என்றாள்.

"நான் கீறேன்" என்றேன். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே என்னையும் விட்டார்கள். டாக்டரம்மா மிஷினில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். குழந்தையின் இதயம். தறி முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. "குழந்தை நல்லா இருக்கு. ஆனா மாசாமாசம் வாங்க" என்றார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது தூங்கிப்போனாள். அந்த வாரத்தில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

மாசி மாதம் பெண் பிறந்தாள். கை, கால், விரல் எல்லாவற்றையும் நான் எண்ணினேன். நர்ஸ் சிரித்தார். நான் மறுபடி எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் என் மனைவி கேட்டாள். "இரும்புக் கடைக்காரரு எப்டி கீறாரு?"

எனக்குத் தெரியாது. அவரும் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார் என்று மட்டும் கேள்வி. கடைக்கு யாரும் போவதில்லை என்றும் கேள்வி. நானும் போகவில்லை. எனக்குக் கோபம் இருந்தது. தெரியாமல்தான் கொடுத்தார், எனக்கே தெரியும். இருந்தாலும் கோபம்.

"புள்ளையத் தூக்கிக்கினு போயி காட்டிட்டு வா" என்றாள்.

போனேன். கடை முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னையும் என் கையிலிருந்த துணிச் சுற்றலையும் பார்த்ததும் சடக்கென்று எழுந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"கிட்ட வராத தம்பி. டாக்டரு ஒண்ணியும் இல்லன்னு தான் சொன்னாரு. இருந்தாலும் கிட்ட வராத. பச்சப் புள்ள."

"கைய நீட்டுண்ணே."

"வேணாம்டா."

"நீட்டு."

லுங்கியில் கையைத் துடைத்தார். திருப்பித் துடைத்தார். நான் குழந்தையை அவர் கையில் வைத்தேன். அத்தனை பேசுகிற மனிதர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூக்கு உன்னுது இல்ல. பொழச்சிது" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து டீ குடித்தேன், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, பேர் கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. ஆனால் ஊர் யாரையாவது பார்த்து ஒதுங்கும்போது என் கால் தானாக அவர்கள் வீட்டு வாசற்படிக்குப் போய்விடுகிறது.